முக்கால் வேகம்

தல்காவே துறையில்
தண்ணீர் நிரப்பிய பீப்பாய்க்குள் இறக்கினால்
அரை மணி நேரம் சொன்ன பேச்சு கேட்கும்.
ஒயார்சோ கையைத் துடைத்துக்கொண்டு சொல்வார்:
"குறை ஒன்றுமில்லை, தோன்யா எதுவினா.
பெட்ரோலை மாற்றிப் பாருங்கள்."
நான்காவது முறை இது.
ஒவ்வொரு முறையும் பதினைந்தாயிரம் பெசோ.

மெச்சூக்கேவுக்குப் பாதி வழியில்,
நீரோட்டம் இரண்டு பக்கமும் பிடித்திழுக்கும் இடத்தில்
இருமும். நொண்டும்.
பிறகு மழைச்சத்தம் மட்டும்.

கயிற்றை ஒரே ஒரு இழுப்பு,
உயிர் வந்துவிடும்.
அதுதான் எரிச்சல்.
ஒரேயடியாகச் செத்துத் தொலைந்தால்
புதைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

நாற்பது குதிரை என்று மூடியில் எழுதியிருக்கிறது.
சால்மன் பண்ணை ஏலத்தில் எடுத்தது.
எத்தனை குதிரை மிச்சமோ.

எங்கள் தீவில்
"மோட்டார் நின்றுவிட்டது" என்பதை
யாரும் நம்புவதில்லை.
சீட்டாட்டம் முடிந்து விடியலில் வரும் ஆண்கள்
வாசலில் நின்று சொல்லும் வாக்கியம் அது.
மூன்றாம் தடவை பள்ளிக்குத் தாமதமானபோது
ஓரியெத்தா டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில்
ஒரு முழுச் சீட்டுக்கட்டு இருந்தது.

பிளக் இரண்டும் மாற்றினேன்.
தடித்த ஒயர்களை இருந்த இடத்திலேயே விட்டு
மேல் காயிலைக் கீழே, கீழ்க் காயிலை மேலே.
கீழ்வீட்டில் யார் குடிவந்தாலும்
அதே சண்டை.
நிறுத்தும் சுவிட்சைக் கழற்றிவிட்டு ஓட்டினேன்;
அன்று கரையில் அதை நிறுத்த
சோக் இழுத்து மூச்சுத்திணற வைக்க வேண்டியதாயிற்று.
என் தம்பி நோல்பெர்த்தோ சொன்னான்,
கடலுக்கு உன்னைப் பிடிக்கவில்லை.
கடலுக்கு என் ஒயரிங்கில் என்ன வேலை?

ஜூன் மாதம், இரவு, மூடுபனி.
ஆள் யாருமில்லை, பத்து மூட்டை உருளைக்கிழங்கு.
எப்படியும் கழற்றப்போகிறோமே என்று
மூடியை முன்பே கழற்றிக் காலடியில் போட்டிருந்தேன்.
டார்ச்சில் பேட்டரி தீர்ந்தது.
அதனால்தான் பார்த்தேன்.

முக்கால் வேகத்துக்குக் கைப்பிடியைத் திருகியதும்
ஆக்சிலேட்டர் கம்பி ஒரு விரற்கடை நகர்ந்து
கீழ் பிளக்குக்குப் போகும் ஒயரின் விலாவில் சாய்ந்தது.
அங்கிருந்து
நீலமாய் ஒரு நூல்
இரும்புக்குத் தாவியது.

விட்டேன், இல்லை.
திருகினேன், தாவியது.
விட்டேன்.
திருகினேன்.
சிலிண்டருக்குள் வெடிக்கவேண்டிய தீ
வேலைக்குப் போவதாய்ச் சொல்லிவிட்டு
குறுக்குச் சந்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

பீப்பாய்க்குள் யார் முக்கால் வேகம் வைப்பார்கள்?
தண்ணீர் முழுக்க ஒயார்சோவின் சட்டையில் இருக்கும்.
பகல் வெளிச்சத்தில்
இந்த நீலம் யார் கண்ணுக்குத் தெரியும்?

ஆசையில் விரலை நீட்டிவிட்டேன்.
தோள்பட்டை வரைக்கும் பதில் வந்தது.
படகின் தரையில் உட்கார்ந்து
உருளைக்கிழங்குகளுக்கு நடுவில்
சத்தமாகச் சிரித்தேன்.

கரையில் விளக்கடியில் பார்த்தால்
ரப்பரில் நகக்கண் அளவு வெடிப்பு.
உள்ளே உப்பு, வெள்ளையாக.
பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டிப் போர்த்தி
வலை நூலால் ஒயரை ஒதுக்கிக் கட்டினேன்.
செலவு என்று ஒன்றுமில்லை.

ஒயார்சோவிடம் சொன்னேன்.
"நான் அதைத்தான் முதலிலேயே சந்தேகப்பட்டேன்" என்றார்.

புதன்கிழமை டீச்சர் ஏறினார்.
நீரோட்டம் இழுக்கும் இடம் வந்தது.
திருகினேன்.
இருவரும் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
உறங்கும் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல.
கடந்தது.

"சரியாகிவிட்டதா?" என்று கத்திக் கேட்டார்.
"ஓடுகிறது" என்றேன்.
துடுப்புகளைப் படகிலிருந்து
இன்னும் இறக்கவில்லை.